மார்க் குறைந்தது போனாலா, அதற்கு முன்பேயா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாவதில் தமிழ் மீடியம், 500க்கு 461 வாங்கினாள். இப்போது டவுனில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், பயாலஜி மேத்ஸ் குரூப். காலாண்டில் பிசிக்ஸில் 70க்கு 22, கணக்கில் 90க்கு 34. தமிழும் பயாலஜியும் பரவாயில்லை. டியூஷன் சார் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார் என்று ஜூனில் போன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது இன்ஸ்டாகிராமே கதி என்று கிடக்கிறாள். ராத்திரி ஒரு மணி வரை போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. ஒருமுறை பிடுங்கி வைத்ததற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம் என்கிறார் அவள் அப்பா. நான் எட்டாவது வரைதான் படித்தேன், அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. என்ன செய்வது?

ஒரு அம்மா, தாராபுரம் பக்கம்

வணக்கம்மா.

பீரோவில் இருந்தே ஆரம்பிக்கிறேன். பூட்ட வேண்டாம். பிள்ளை பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை, அது ஓடாது என்பதால் சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு டியூஷன் சார் பத்துக் கணக்கைப் படம் பிடித்து குரூப்பில் போடுவார், நாளைக்கு டெஸ்ட் என்பார், நீங்கள் சாவியைத் தேடி எடுப்பீர்கள். நான்காவது நாள் சாவி பீரோவிலேயே தொங்கும். பதினைந்து வருடமாகப் பள்ளிகளில் ஆலோசகராக இருக்கிறேன், இப்படித் தொங்கிய சாவிகளைப் பற்றி நிறையக் கேட்டுவிட்டேன்.

இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வெறும் அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தாவது வரை கூடப் படித்தவர்களை விட்டுவிட்டு இவள் மட்டும் புதுப் பள்ளிக்கு வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பது எல்கேஜியில் இருந்து ஒன்றாகவே படித்த கூட்டமாக இருக்கும். பெஞ்சில் இடம் கொடுத்திருப்பார்கள், பேச்சில் கொடுத்திருக்க மாட்டார்கள். அவளுடைய தோழிகள் இப்போது மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்தப் போனாக இருக்கலாம். இது என் ஊகம்தான். சாப்பாடு போடும்போது சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள், "புது ஸ்கூல்ல மத்தியானம் யார்கூட சாப்பிடறே கண்ணு?" என்று. பதில் வர நேரமானால் உங்களுக்கே புரிந்துவிடும்.

சரி, மார்க்குக்கு வருவோம்.

ஜூனில் போன் வந்தது, செப்டம்பரில் மார்க் விழுந்தது, அதனால் போன்தான் காரணம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதே ஜூனில் பள்ளியும் மாறியது, மீடியமும் மாறியது, பாடமும் பத்தாவதில் இருந்து பிளஸ் ஒன்னுக்குத் தாவியது. நாலும் ஒரே மாதத்தில் நடந்திருக்கும்போது எது கீழே தள்ளியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எட்டாவது வரைதான் படித்தேன் என்று கூச்சப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், இதைக் கண்டுபிடிக்க அதுவே போதும். பிசிக்ஸ் நோட்டை எடுத்துப் பாருங்கள். பாடம் புரிய வேண்டியதில்லை, தேதியும் கையெழுத்தும் போதும்.

முதல் பத்துப் பக்கம் எப்படி இருக்கும் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். தலைப்பெல்லாம் பச்சை ஸ்கெட்ச்சில், அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு, மார்ஜினில் தேதி. கொஞ்சம் தள்ளி ஸ்கெட்ச் நின்றிருக்கும். அப்புறம் கோடு கையாலேயே போட்டிருக்கும். அப்புறம் ஒரு கணக்கு வரும், நான்கு வரி எழுதி, சமக்குறி போட்டு, அதோடு வெறும் இடம். வீட்டில் போய் முடித்துக்கொள்ளலாம் என்று விட்ட இடம், இன்றுவரை அப்படியே காலியாக இருக்கும். அந்தப் பக்கத்தின் தேதியைப் பாருங்கள். ஜூலை முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று இருந்தால் பாடம் முதலில் கைவிட்டது, அவள் பிறகு போனைப் பிடித்தாள் என்று அர்த்தம். ஆகஸ்ட் முடியும் வரை நோட்டு ஒழுங்காக இருந்து திடீரென்று கலைந்திருந்தால் போன் மேல் சந்தேகப்படுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் முதல் ரகம்தான் அதிகம், ஆனால் பெற்றோர் எல்லோரும் இரண்டாவது என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஏன் ஜூலையிலேயே நிற்கிறது? நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் பிசிக்ஸின் இரண்டாவது பாடம் இயக்கவியல். அதில் வெக்டர் வரும், வகையிடல் வரும், தொகையிடலும் வரும். இந்த மூன்றும் கணக்குப் புத்தகத்தில் எங்கே இருக்கின்றன என்றால், இரண்டாம் தொகுதியில். அதாவது ஜூலையில் பிசிக்ஸ் வகுப்பில் தேவைப்படுவதைக் கணக்கு வகுப்பில் பல மாதம் கழித்துத்தான் தொடுவார்கள். நடுவில் "இது உங்களுக்கு மேத்ஸ்ல வரும்" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்ட முடிந்த பிள்ளைகள் தாண்டுகிறார்கள், டியூஷனிலோ அண்ணன் அக்காவிடமோ கற்றுக்கொள்கிறார்கள். மற்றவர்கள் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இதில் உங்கள் பிள்ளையின் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதன் மேல் மீடியம் வேறு. பத்தாவதில் உந்தம் என்று படித்தது இப்போது மொமென்டம், முடுக்கம் அக்சிலரேஷன், நிலைமம் இனர்ஷியா. உங்கள் மகளுக்கு உந்தம் தெரியும்மா, அதில் பத்தாவதில் மார்க் வாங்கியிருக்கிறாள். மொமென்டம் என்ற வார்த்தைதான் புதிது. கேள்வித்தாளில் அதைப் பார்த்ததும் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டிவிடுகிறாள், 461 எடுத்த பிள்ளை, வாழ்க்கையில் முதல்முறையாக வகுப்பில் பின்னால் நிற்கிறாள், எழுந்து சந்தேகம் கேட்டால் இங்கிலீஷில் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் அதே அவமானம் திரும்ப வருகிறது. பக்கத்தில் போன் இருக்கிறது, விரலால் ஒரு தள்ளு தள்ளினால் சிரிக்க வைக்கிறது. நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தாலும் எதைக் கையில் எடுப்போம் என்று யோசியுங்கள்.

அதற்காகப் போன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அவள் ஓடியதற்குக் காரணம் பாடம். ஓடிய இடத்தில் இருந்து திரும்பி வரவிடாமல் பிடித்துவைத்திருப்பது போன்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், நினைவிருக்கும். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது, செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதலில் இங்கேதான் விட்டுப் பார்த்தது. பெரும்பாலும் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடும் குட்டி வீடியோக்கள். ஒன்று முடிந்ததும் தள்ளினால் அடுத்தது, யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து அதுவே எடுத்துப் பரிமாறும். நீங்கள் பார்க்கும் சீரியலில் ‘தொடரும்’ என்று போடுவார்கள் இல்லையா, உடனே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவீர்கள். ரீல்ஸில் தொடரும் போடவே மாட்டார்கள். பெரியவர்களுக்கே எழ முடியவில்லை, எனக்கும்தான்.

படிப்பை அது இரண்டு வழியில் தின்கிறது.

முதல் வழி, உட்கார்ந்து படிக்கும் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்குவது. சில வருடம் முன்பு பிளஸ் டூ பையன் ஒருவனிடம் ஒரு தாளைக் கொடுத்து, "வீட்டில் ஐம்பது நிமிடம் கணக்குப் போடு, போனைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இதில் ஒரு கோடு கிழி, என்னிடம் பொய் சொல்ல வேண்டாம்" என்று அனுப்பினேன். 19 கோடு கிழித்துக் கொண்டுவந்தான். "ஆறேழு இருக்கும்னு நெனச்சேன் சார்" என்றான். எனக்கு அந்தக் கோடுகளைவிட அவன் கணக்கு நோட்டுதான் ஆச்சரியமாக இருந்தது: ஒரே கணக்கின் முதல் இரண்டு வரி மூன்று தடவை எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவை போனில் இருந்து திரும்பும்போதும் விட்ட இடம் தெரியாமல் முதலில் இருந்து ஆரம்பித்திருக்கிறான். தமிழ்ச் செய்யுளையோ பயாலஜி விடையையோ நடுவில் விட்டு வந்து பிடித்துக்கொள்ளலாம். கணக்கில் தலைக்குள் ஏந்தி வைத்திருந்தது எல்லாம் கொட்டிப்போயிருக்கும். உங்கள் வீட்டில் கணக்கும் பிசிக்ஸும் விழுந்து மற்ற இரண்டும் தப்பித்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இரண்டாவது வழி தூக்கம். எனக்கு அதிகக் கவலை இதில்தான். இந்த வயதுக்கு எட்டில் இருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குப் போனை வைத்துவிட்டு, ஸ்கூல் வேனுக்காக ஆறு மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். பகலில் படித்ததை மூளை எடுத்து அடுக்கி வைக்கும் வேலையின் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. அதைப் பாதியில் எழுப்பிவிட்டால் படித்தது படித்த மாதிரி இருக்கும், பரீட்சையில் வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், பதினாறு பதினேழு வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்தள்ளித்தான் ஓடும், பத்து மணிக்குப் படுத்தால் தூக்கம் வராதது திமிர் இல்லை. தூக்கம் வராமல் புரளும் அந்த அரைமணி நேரத்தில் கையில் போன் இருந்தால் அது மூன்று மணி நேரமாகிவிடும், அதுதான் சிக்கல்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று இதைப் படிக்கும் மற்றவர்கள் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்து வீடுகளில் எடுத்த ஏசர் 2024 கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதத்துக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்களில், முந்தைய வாரம் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். ஆக உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை இது. போனைத் தடுத்தால் மார்க் ஏறுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை எடுத்துப் பார்த்து 2015இல் வந்த ஆய்வு, பள்ளியில் போனைத் தடுத்ததால் மார்க் ஏறியது, அதுவும் பின்தங்கிய மாணவர்களுக்குத்தான் அதிகம் ஏறியது, முன்னணியில் இருந்தவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை என்றது. அதே இங்கிலாந்தில் 30 பள்ளிகளில் செய்து 2025இல் வந்த இன்னொரு ஆய்வோ, தடை போட்ட பள்ளிக்கும் போடாத பள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றது. ஒரு நாளில் மொத்தமாக எவ்வளவு நேரம் போனில் போகிறது என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. முதல் ஆய்வில் நான் பிடித்துக்கொள்வது, பாடம் பிடிபடாமல் தடுமாறுகிறவர்களைத்தான் போன் அதிகமாக அடிக்கிறது என்பதை. பயாலஜியில் உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் இல்லை. பிசிக்ஸில் இப்போதைக்கு இருக்கிறாள்.

இனி செய்ய வேண்டியது. ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆரம்பிக்காதீர்கள், முதல் இரண்டு வாரம் ராத்திரியை மட்டும் பிடியுங்கள். பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும் அடுப்படியில், மிக்ஸி பக்கத்து ப்ளக்கில். எல்லாப் போனும் என்றால் உங்கள் வீட்டுக்காரர் போனும். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள், கோபப்பட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு பதினொன்றரை வரை விவாத நிகழ்ச்சி பார்த்துக்கொண்டு மகளை மட்டும் போனைக் கொடு என்றால் அந்த விதி ஒரு வாரம் தாங்காது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று அவள் சொல்வாள், கட்டாயம் சொல்வாள். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி வைத்துவிட்டு அப்புறம் பேச்சை எடுங்கள்.

பகலில் தோழிகளோடு பேசுவதை விட்டுவிடுங்கள். சாயங்காலம் வந்ததும் ஒரு மணி நேரம் அவள் போன் அவளுடையது, எட்டிப் பார்க்காதீர்கள், யாரோடு பேசினாய் என்று கேட்காதீர்கள். ராத்திரியைக் கொடுத்துவிட்டாள் இல்லையா, அதற்குப் பதிலாக இது.

ராத்திரி பழகிய பிறகு படிக்கும் நேரம். டியூஷன் சார் அனுப்பும் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் கணக்குப் போட வேண்டும் என்பாள். கேள்விகளை ரஃப் நோட்டில் கையால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. எழுதி முடித்ததும் போன் வேறு அறைக்குப் போகட்டும். சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தேன் என்பதெல்லாம் வேண்டாம், பக்கத்தில் இருந்தாலே மனது அங்கேதான் இருக்கும். நாற்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் எழுந்து நடை, மறுபடி நாற்பது. அந்தப் பத்து நிமிடத்தில் போன் கூடாது, காபி குடிக்கலாம், உங்களோடு வாயடிக்கலாம். படிக்கும் மேசையை அலங்காரம் செய்து, யாரோ ஒருத்தி பத்து மணி நேரம் படிப்பதை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோக்கள் இருக்கின்றன, அதைப் பார்த்துவிட்டுத் தானே படித்த திருப்தியோடு எழுந்து போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதுவும் ரீல்ஸ்தான்.

இதையெல்லாம் செய்துவிட்டு பிசிக்ஸை அப்படியே விட்டால் போன் இல்லாமல் வேறொன்றில் போய் உட்காருவாள். பிளஸ் ஒன் பிசிக்ஸ், கணக்கு இரண்டுக்கும் தமிழ் மீடியப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். அரசு இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதைப் போனில் படிக்க வேண்டியிருக்கும், அதனால் காசு கொடுத்துப் புத்தகமாக வாங்குவதே நல்லது. இரண்டு மீடியத்துக்கும் பாடங்கள் ஒன்றுதான். இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு முதலில் தமிழில் படிக்கட்டும், கடைசிப் பக்கத்தில் அவளே ஒரு பட்டியல் போடட்டும், உந்தத்துக்கு எதிரே மொமென்டம் என்று. நாற்பது ஐம்பது வார்த்தை சேர்ந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அப்புறம் பிசிக்ஸ் ஆசிரியரையோ டியூஷன் சாரையோ நேரில் போய்ப் பாருங்கள், போனில் வேண்டாம். "வெக்டரும் வகையிடலும் அடிப்படை மட்டும் நாலு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுங்க சார்" என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். பொதுவாகப் பிள்ளை படிக்க மாட்டேங்கிறாள் என்று போனால் பொதுவாகப் பத்து அறிவுரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நேரம் இருக்கிறது. பிளஸ் ஒன்னுக்கு 2017-18இல் கொண்டுவந்த பொதுத்தேர்வை 2025-26இலிருந்து எடுத்துவிட்டார்கள். காலாண்டின் 22 எந்தச் சான்றிதழிலும் ஏறப்போவதில்லை. ஆனால் இந்த வருடத்துப் பிசிக்ஸ் வராமல் அடுத்த வருடத்துப் பிசிக்ஸ் வராது, அதையும் அவளிடம் சொல்லுங்கள், மிரட்டலாக இல்லாமல்.

இன்ஸ்டாகிராமிலேயே பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, ராத்திரி பத்தில் இருந்து காலை ஏழு வரை அறிவிப்புகளை நிறுத்தி வைக்கும். நல்ல விஷயம்தான், ஆனால் பதினாறு வயது ஆகிவிட்டால் பெற்றோரைக் கேட்காமல் அவளே அதை மாற்றிக்கொள்ளலாம், வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் அது வேலையே செய்யாது. அதை நம்பி அடுப்படி ப்ளக்கைக் கைவிட வேண்டாம்.

ஒன்றில் மட்டும் காத்திருக்காதீர்கள். நீங்கள் அறைக்குள் வந்ததும் அவள் முகம் வெளிறுகிறது, மெசேஜ் சத்தம் கேட்டாலே நடுங்குகிறாள், காரணமில்லாமல் பணம் கேட்கிறாள், பள்ளிக்குப் போகவே மறுக்கிறாள், செத்துப்போகலாம் என்பது போல் ஏதாவது சொல்கிறாள் என்றால் இது மார்க் விவகாரம் இல்லை. யாராவது படத்தை வைத்து மிரட்டலாம், வகுப்பில் கேலி நடக்கலாம். திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள், எதுவாக இருந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். மன உளைச்சலுக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, இணைய மோசடிக்கும் மிரட்டலுக்கும் 1930. 14416இல் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அரையாண்டு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். மார்க் ஏறியிருக்கிறதோ இல்லையோ, பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தை, தேதி தெரிகிற மாதிரி, அவளையே படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். போனில்தான்.